காக்கா தந்த அமானிதம்

இவ்வாண்டு மலருக்கு எதனை எழுதுவது என்று யாம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில் மூன்றாம் ஆண்டு மாணவர் சிலர் எம் அறைக்கு வந்தனர். "ஐயா, தாங்கள் கிதார் வாசிப்பீர்களாமே! அதைப் பற்றி எழுதுங்களேன்" என்றனர். யாழைப் பற்றி எழுத வேண்டிய தமிழாசிரியர் மின்கிதாரைப் பற்றி எழுதுவதா என்று ஒரு கணம் தயங்கினோம். பின்னர், எழுதினால்தான் என்ன என்று துணிந்தோம். எம்மிடம் இருப்பது அவர்கள் நினைத்த கிதார் அன்று, பேஸ் கிதார். அதுவும் தொழிற்சாலையில் ஆயிரங்களில் ஒன்றாகப் பிறந்ததன்று. ஒரே ஒரு கைவினைஞர் தம் பட்டறையில் மாதக்கணக்கில் இருந்து செதுக்கியது. அதனை யாம் விலை கொடுத்து வாங்கவில்லை. எம் காக்கா எம்மிடம் ஒப்படைத்தார். அந்த ஒப்படைப்பின் கதையே இக்கட்டுரை.

ஓரத்தில் நின்ற கருவி

எம் ஊர் தென்பாண்டிக் கடற்கரையில் உள்ள சிற்றூர். வாப்பா மரவாடி வைத்திருந்தார்கள். வீட்டில் இசைக்கு இடமில்லை. வாப்பாவின் கடையில் இருந்த வானொலிப் பெட்டியில் நாகூர் அனிபாவின் குரல் ஒலிக்கும். அதற்கு மேல் இசை என்று எதுவும் எம் வாசலைத் தாண்டியதில்லை. இசையின் ஆகுமை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதம் இக்கட்டுரைக்கு உரியதன்று. வாப்பா எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை மட்டும் ஈண்டுக் குறிப்பிட்டால் போதும்.

எம்மினும் ஆறாண்டு மூத்தவர் காக்கா. கல்லூரிக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் வீட்டுக்குத் தெரியாமல் பேஸ் வாசித்தார். அவர் படிப்பை முடித்துச் சென்னைக்குச் சென்ற பின், 1998இல் அதே கல்லூரியில் சேர்ந்த யாம் அவர் விட்ட இடத்தில் நின்றோம். குழுவில் எல்லாரும் பாடவும் கீபோர்டு வாசிக்கவும் போட்டியிட்டனர். பேஸுக்கு மட்டும் ஆள் இல்லை. நான்கு தடித்த கம்பிகள், ஆணி கழன்ற உடல், இரைகின்ற ஒலிபெருக்கி. அதுவே எம் முதற் கருவி. மேடையின் ஓரத்தில் நின்று வாசிப்போம். நிகழ்ச்சி முடிந்ததும் பாடகரைச் சூழ்வோர் ஒருவரும் எம்மைத் திரும்பிப் பாரார்.

ஆனால் காக்கா எமக்கு ஓர் உண்மையைக் கற்பித்திருந்தார். "தம்பி, பேஸ் இருக்கும்போது யாருக்கும் தெரியாது, நிறுத்திப் பார், எல்லாருக்கும் தெரியும்" என்பார். இளையராசாவின் பாடல்களைப் பாடகரின் குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் ஒலியை மட்டும் பின்தொடர்ந்து கேட்கச் சொல்வார். அங்கே தனியொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். மெலிவு, சமன், வலிவு என மூவகை இயக்கம் கூறிய நம் முன்னோர் மெலிவையே முதலில் வைத்தது ஏன் என்பது அன்று எமக்குச் சற்றே விளங்கியது.

கருவி பிறந்த கதை

மின்பேஸ் கிதார் மிக இளைய கருவி. அதற்கு முன் அடியிசையைத் தந்தது ஆளுயரத்தினும் மிகுந்த டபுள் பேஸ் எனும் பெரிய வயலினினம். அதனைச் சுமந்து திரிவதும் அரிது. முழவும் ஊதுகருவிகளும் ஒலிக்கும்போது அதன் ஓசை காதில் விழுவதும் அரிது. 1930களில் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் என்பார் கிதாரைப் போல் மார்போடு அணைத்து வாசிக்கத்தக்க மின்பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் உலகெங்கும் சென்றது. விரற்பலகையில் மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தமையால் சுருதி துல்லியமாக அமைந்தது. பெயரும் அதனால் வந்ததே. கழுத்தையும் உடலையும் தனித்தனியே செய்து திருகாணியால் பொருத்தும் முறை, பல்லாயிரக்கணக்கில் செய்வதற்கும் ஏற்றதாயிற்று.

தொழிற்சாலைக் கருவியில் நிறைவு காணாத கலைஞர்கள் சிலர் பிற்காலத்தே தோன்றினர். அவர்களுடைய தேவையிலிருந்தே கைவினைப் பட்டறைகள் பிறந்தன. 1969இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அலெம்பிக் அவற்றுள் முன்னோடி. மின்னணுவியலில் வல்ல ரான் விக்கர்ஷாமும் மரவேலையில் வல்ல ரிக் டர்னரும் அங்கே இணைந்தனர். 1972இல் ஜாக் கசாடி என்ற கலைஞருக்காக அவர்கள் உருவாக்கிய பேஸ், விலைமிகு கைவினைப் பேஸ்களின் வரிசைக்குத் தொடக்கம் எனலாம். 1975இல் நியூயார்க்கில் கார்ல் தாம்சன், அந்தோணி ஜாக்சன் என்ற கலைஞரின் வேண்டுகோளுக்கிணங்க ஆறு தந்திகள் கொண்ட பேஸை அமைத்தார். 1983இல் புரூக்ளினில் வின்னி ஃபொடேராவும் ஜோயி லாரிசெல்லாவும் ஃபொடேரா பட்டறையைத் தொடங்கினர். விக்டர் வூட்டன் என்ற மேதையின் கையில் நெடுங்காலமாகத் திகழ்வது அப்பட்டறையின் கருவியே. இத்தகைய சிறு பட்டறைக் கருவிகளை அந்நாட்டார் 'பொட்டீக்' கருவிகள் என அழைப்பர்.

கைவினை என்பது அலங்காரமா?

மாணவர்கள் வினவக்கூடும்: தொழிற்சாலைக் கருவிக்கும் கைவினைக் கருவிக்கும் அப்படி என்ன வேறுபாடு? பளபளப்பு மட்டுமா?

எம்மிடம் உள்ள கருவி ஐந்து தந்திகள் உடையது. வழக்கமான நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஐந்தாவது தந்தி அதனினும் தாழ்ந்து ஏறத்தாழ 31 முறை அதிர்வது. ஐந்து தந்திகளும் கழுத்தின்மீது செலுத்தும் இழுவிசை 90 கிலோவுக்கும் மேற்பட்டது. ஒரு பருத்த மனிதர் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதற்கு இது ஒப்பாகும். இந்தச் சுமையை ஒரு மெல்லிய மரக்கழுத்து ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். எனவே கைவினைஞர் ஒரே மரத்துண்டை நம்புவதில்லை. மேப்பிளும் வால்நட்டுமாக ஐந்து பட்டைகளை, நாரோட்டம் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்படி ஒட்டுகிறார். ஒட்டிய பின் பல வாரங்கள் அதனைச் சும்மா கிடக்க விடுகிறார். மரம் தன் விருப்பப்படி அசைந்து அமைதியுற்ற பின்னரே மீண்டும் இழைக்கிறார். கழுத்தினுள்ளே ஓர் எஃகுக் கம்பியை வைக்கிறார். தந்திகள் முன்னே வளைக்க, அக்கம்பி பின்னே வளைத்துச் சமன் செய்யும். மெட்டுகள் ஒவ்வொன்றின் முனையையும் விரல் உறுத்தாதபடி அரத்தால் உருட்டுகிறார். அவருடைய விலையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புக்கும் இந்த அரத்துக்குமே உரியது.

இவ்வளவும் கூறிய பின் ஒன்றையும் மறைக்கலாகாது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைப்பதிவுகளில் பேஸின் இலக்கணத்தையே மாற்றிய ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962ஆம் ஆண்டின் சாதாரண ஃபெண்டர் பிரிசிஷன். வலக்கையில் அவர் பயன்படுத்தியது ஒற்றைச் சுட்டுவிரல். 1987இல் மறைந்த ஜாக்கோ பாஸ்டோரியசின் புகழ்பெற்ற மெட்டில்லாப் பேஸும் தொழிற்சாலையில் பிறந்த 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸே. நல்ல கருவி நல்ல கலைஞரை உண்டாக்குவதில்லை. நல்ல எழுதுகோல் வாங்கியவரெல்லாம் புலவராகிவிட்டால் தமிழ்த்துறைக்கு வேலையே இராதன்றோ!

வாப்பாவின் வினா

காக்கா 2000இல் கணிப்பொறிப் பணிக்காக நியூஜெர்சி சென்றார். அங்கே பதினோராண்டு உழைத்துச் சிறுகச் சேர்த்து, 2011இல் தனியொருவர் நடத்தும் பட்டறையில் இக்கருவிக்கு ஒப்பந்தம் செய்தார். பதினான்கு மாதம் காத்திருந்தார். விலை ஏறத்தாழ 6,000 டாலர். செய்தி எப்படியோ வாப்பாவின் செவிக்கு எட்டியது. தொலைபேசியில் வாப்பா உரக்கப் பேசவில்லை. "அந்தக் காசுக்கு ஒரு குமரைக் கரையேற்றி இருக்கலாமே வாப்பா" என்று மட்டும் சொன்னார்கள். மறுமுனையில் காக்கா மௌனமாக இருந்தார்.

அடுத்த நோன்பில் காக்கா ஒரு தொகை அனுப்பினார். எங்கள் தெருவில் ஓர் ஏழைக் குமரின் கலியாணத்துக்கு என்றார். வாப்பா முன்னின்று அக்கலியாணத்தை முடித்து வைத்தார்கள். எனினும் கருவியைப் பற்றிய பேச்சை இருவரும் மீண்டும் எடுக்கவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகிவிடாது என்பதை இருவருமே அறிந்திருந்தனர். அந்த மௌனம் ஏழாண்டு நீடித்தது. நலம் விசாரிப்பார்கள், பணம், மருந்து, பிள்ளைகளின் படிப்பு என எல்லாம் பேசுவார்கள். அந்த ஒன்று மட்டும் நடுவில் கிடக்கும்.

2018இல் காக்காவின் இடக்கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. நரம்பு நெருக்கம் என்றனர் மருத்துவர். அறுவை செய்தும் பழைய உணர்ச்சி திரும்பவில்லை. கருவியின் தந்தியையும் கையின் நாடியையும் 'நரம்பு' என்ற ஒரே சொல்லால் அழைக்கும் மொழி நம்முடையது. கருவியின் நரம்பு நலமாயிருக்க, கையின் நரம்பு தளர்ந்தது. 2019 டிசம்பரில் விடுமுறைக்கு வந்தவர் அந்தக் கனத்த பெட்டியை எம் முன் வைத்தார். "தம்பி, இது சும்மா கிடக்கக்கூடாது. உனக்கு என்று தரவில்லை, உன்னிடம் தருகிறேன்" என்றார். 'உனக்கு', 'உன்னிடம்' என்ற இரு வேற்றுமைகளின் வேறுபாட்டை வகுப்பறையில் பலமுறை நடத்தியிருக்கிறோம். அன்றுதான் அதன் பொருளை உணர்ந்தோம்.

ஈட்டி மரம்

பெட்டி திறக்கப்பட்ட போது வாப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார்கள். எழுபத்தேழு வயது. யாம் கருவியைக் கையில் எடுத்ததும், "இங்கே கொண்டா" என்றார்கள். காக்காவும் யாமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாப்பா தந்திகளைத் தொடவில்லை. விரற்பலகையின் ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்தார்கள்; முகர்ந்தார்கள்; வெளிச்சத்தில் சாய்த்து நாரோட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு, "இது ஈட்டியல்லவா! நம் மலைச் சரக்கு" என்றார்கள்.

உண்மைதான். கைவினைஞர் தந்திருந்த குறிப்பில் 'கிழக்கிந்திய ரோஸ்வுட்' என்றே இருந்தது. தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் நாம் வழங்கும் அம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. உலகெங்கும் எத்தனையோ கிதார்களின் விரற்பலகையாக அமைவது அதுவே. கருநீலம் கலந்த பழுப்பு நிறமும், எண்ணெய்ப் பசையும், விரல் தேய்வுக்கு ஈடுகொடுக்கும் வன்மையும் அதன் தகுதிகள். அதனைக் காக்கத் தமிழக அரசு 1994இல் தனிச்சட்டமே இயற்றியது. 2017 தொடக்கம் முதல் அவ்வினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பர் இறுதியில் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. வாப்பாவுக்கு இந்தச் சட்டங்களின் பிற்பகுதி தெரியாது. மரம் தெரியும். நாற்பதாண்டுக் காலம் மரத்தின் மணத்தோடு வாழ்ந்தவர்கள் அல்லவா!

"ஒட்டு தெரியாமல் ஒட்டியிருக்கிறான். பார்த்தீர்களா, நார் எங்கும் கிழியவில்லை. வேலைக்காரன்" என்றார்கள். எங்கள் வாப்பாவின் அகராதியில் 'வேலைக்காரன்' என்பது உயர்ந்த பட்டம். தம் வாழ்நாளில் இரண்டு மூன்று தச்சர்களுக்கே அதனை வழங்கியிருந்தார்கள். காக்கா எழுந்து வெளியே சென்றுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, வாப்பா கருவியின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தார்கள். இசையை அவர்கள் ஏற்கவில்லை. இறுதிவரை ஏற்றதாகச் சொல்லவும் இல்லை. ஆனால் ஏழாண்டு நடுவில் கிடந்த பொருளை அன்று அவர்களே கையில் எடுத்துவிட்டார்கள்.

எம் அறியாமை

காக்கா திரும்பிச் சென்ற சில மாதங்களில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடியிருந்த நாள்களில் யாம் மாடியறையில் ஹெட்போன் அணிந்து நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசித்தோம். பாங்கு ஒலித்தால் நிறுத்திவிடுவோம். இருபதாண்டு இடைவெளியில் விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருந்தன. நுனிகள் கொப்பளித்துக் காய்த்தன.

ஐப்பசி அடைமழையில் கருவி மாறிற்று. கடற்கரைக் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கழுத்து வளைந்தது. தந்திகள் மெட்டுக்கு மேலே எழும்பி, அழுத்த அழுத்த விரல் நொந்தது. யாம் பதறினோம். உள்ளிருக்கும் எஃகுக் கம்பியின் திருகை ஒரே மூச்சில் முறுக்கினோம். கழுத்து மறுபுறம் வளைந்தது. தந்திகள் மெட்டில் உரசிக் கிறீச்சிட்டன. காக்காவின் பொருளைக் கெடுத்துவிட்டோமே என்ற அச்சத்தில் அன்றிரவு உறக்கம் இல்லை. கருவியைச் செய்தவருக்கு மின்னஞ்சல் விடுத்தோம். மறுநாள் விடை வந்தது: முறுக்கியதைத் தளர்த்துக, பின் கால் சுற்று மட்டும் திருப்புக, ஒரு நாள் காத்திருக்க, மரம் சொல்வதைக் கேட்டு மீண்டும் கால் சுற்று.

அதனை வாப்பாவிடம் சொன்னோம். சிரித்தார்கள். "இதற்கு அமெரிக்காவுக்கு எழுத வேண்டுமா? மரம் அறுத்த பிறகும் மூச்சு விடும். அவசரக்காரனுக்கு அது அடங்காது" என்றார்கள். ஒருவரையொருவர் அறியாத இருவர், கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்து, ஒன்றையே கூறினர். ஆறு நாளில் கழுத்து நேரானது. அந்த ஆறு நாளும் வாப்பா காலையில் கேட்ட முதற் கேள்வி, "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்பதே. வீட்டில் நோயாளி ஒருவரைப் பற்றிக் கேட்பது போல் கேட்டார்கள்.

கேளாத ஒலி

காக்காவுக்கு வாசித்துக் காட்ட விரும்பினோம். கைபேசியின் முன் அமர்ந்து, அவர் எமக்குக் கற்பித்த பழைய பாடலின் அடியிசையை வாசித்தோம். யாம் அறிந்த வரையில், கைபேசியின் சிற்றொலிபெருக்கி அவ்வளவு தாழ்ந்த அதிர்வுகளைத் தரவல்லதன்று. மூலவொலி வழியிலேயே நின்றுவிடும். அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என எழும் மேலொலிகளில் சிலவே கடல் கடக்கும். ஆயினும் மனிதச் செவி வியத்தகு ஆற்றல் உடையது. மேலொலிகளுக்கு இடையே உள்ள ஒழுங்கைக் கொண்டு, வாராத மூலவொலியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. இது அறிவியல் நிறுவிய உண்மை. "கேட்கிறதா காக்கா?" என்றோம். "வராதது எல்லாம் கேட்கிறது" என்றார்.

2022இல் வாப்பா மறைந்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். காக்காவால் உடனே வர இயலவில்லை. அடக்கத்தைக் கைபேசியின் சிறு திரையில் கண்டார். பல மாதம் யாம் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒருநாள் காக்காதான் கேட்டார்: "மரம் எப்படி இருக்கிறது?" வாப்பாவின் கேள்வி அது. பெட்டியைத் திறந்தோம். கழுத்து வளைந்திருந்தது. கால் சுற்று, ஒரு நாள், மீண்டும் கால் சுற்று.

எம் எம்.ஃபில். ஆய்வு ஆற்றுப்படை நூல்களில் யாழ் பற்றியது. பத்தல், போர்வை, மருப்பு, திவவு, நரம்பு என அதன் உறுப்புகளை எல்லாம் தொகுத்து அட்டவணை இட்டோம். பொருநராற்றுப்படைப் புலவர் ஒரு கைவினைஞரின் கண்ணோடு அக்கருவியைப் பார்த்திருக்கிறார். விபுலானந்த அடிகளார் ஆண்டுகள் பல உழைத்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். இத்தனை இருந்தும் அக்காலப் பாணர் மீட்டிய யாழ் ஒன்றேனும் நம் கைக்கு வரவில்லை. செய்வோர் கை ஓய்ந்தது. இசைப்போர் கை ஓய்ந்தது. பாட்டில் மட்டும் பெயர் நின்றது. வாசிக்கப்படாத கருவி முதலில் பெட்டிக்குள் போகிறது; பிறகு அகராதிக்குள் போகிறது.

ஆகவே இப்போது வெள்ளிக்கிழமை மாலைதோறும் எம் இல்லத்துக்கு மாணவர் ஒருவர் வருகிறார். அவரிடம் சொந்தக் கருவி இல்லை. காக்காவிடம் கேட்டுத்தான் கொடுத்தோம். முதல் நாள் யாம் அவருக்கு வாசிக்கக் கற்பிக்கவில்லை. விரற்பலகையை முகர்ந்து பார்க்கச் சொன்னோம். "என்ன மரம் ஐயா இது?" என்று கேட்டார். வாப்பாவின் கதையைச் சொன்னோம்.

ஒரு குமரைக் கரையேற்றும் காசில் ஓர் இசைக்கருவி வாங்கலாமா என்ற வாப்பாவின் வினா இன்றும் எம்முன் நிற்கிறது. அதற்கு யாம் விடை கண்டுவிட்டதாகச் சொல்லவில்லை. அந்த வினா இருப்பதே நன்று என்று எண்ணுகிறோம். கையில் உள்ள பொருளை வெறும் உடைமையாகக் கருதாதபடி அது எம்மைக் காக்கிறது. மாணவச் செல்வங்களே, உங்கள் கைக்கு வந்தது கருவியாயினும் கல்வியாயினும், அதனை உங்களுக்குத் தந்ததாக எண்ணாதீர்கள். உங்களிடம் தந்ததாக எண்ணுங்கள். அமானிதத்தை உரிய கையில் சேர்க்கும் வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!